குளியலறைக்கு வெளியே

சொகுவிப்போ, ஜேஜு தீவு
27 ஆகஸ்ட் 1994

ஜின்மோ,

"நீங்கள்" என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கல்லூரியில் ஐந்து வருடம் உன்னை வா, போ என்று கூப்பிட்டவள் நான். கல்யாணமான மறுவாரம் அத்தை என்னைத் தனியாக அழைத்து, "புருஷனை வா போன்னு பேசினா பார்க்கிறவங்க என்னைத்தாம்மா சிரிப்பாங்க" என்றார். சரி என்றேன். எட்டு மாதமாக வாங்க, போங்க, சாப்பிடுங்க. மரியாதை ஏற ஏற நாம் பேசிக்கொள்வது குறைந்துபோனது. இது அத்தையின் வீடு இல்லை. படக்குழுவுக்கு எடுத்த விடுதியில், கருவாட்டு வாடை அடிக்கும் ஒரு மாடி அறை. இங்கிருந்து நான் உன்னை நீ என்றுதான் எழுதுவேன்.

திங்கட்கிழமை சொல்லாமல் கிளம்பியதற்கு நான் வருத்தப்படவில்லை. அதற்கு முந்தின நாள் நீ செய்ததை மறக்கவும் மாட்டேன். ஒரு வருடம் உட்கார்ந்து எழுதிய திரைக்கதை. என் பெயர் போட்டு வரப்போகிற முதல் படம். அதைப் படித்தாய், எழுந்தாய், பாத்திரம் ஊறிக்கொண்டிருந்த தொட்டிக்குள் வைத்தாய். எறிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய், ஏதோ பூனைக்குட்டியை மூழ்கடிக்கிறவன் மாதிரி. அத்தை கீழே சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததால் நம் இரண்டு பேரால் வாய்விட்டுச் சண்டைகூடப் போட முடியவில்லை. "எங்க ஆபீஸ்ல எல்லாரும் படம் பார்ப்பாங்க," என்று மட்டும் சொன்னாய்.

பார்க்கட்டும். புதிதாகக் கல்யாணமான இரண்டு பேரைப் பற்றிய சிரிப்புப் படம் அது. அந்தப் பெண்ணும் அசடு வழிகிறாள், அவள் சமைக்கிற கடற்பாசிச் சூப்பைக் குடித்து அவன் நாள் முழுக்கக் கழிவறையில் கிடக்கிறான். அதற்கு நான் கோபித்துக்கொண்டேனா? அவன் அவளுடைய காலுறையைத் துவைத்தால் மட்டும் உன் மானம் போய்விடுமா?

நல்லவேளை, இயக்குநர் பியோனிடம் இன்னொரு பிரதி இருந்தது. தேனிலவுக் காட்சிகளையும் வீட்டுக் காட்சிகள் சிலவற்றையும் இங்கே எடுக்கிறோம், செப்டம்பர் கடைசிவரை. தினமும் காலையில் மாற்றி எழுதிக் கொடுக்க நான் இருக்க வேண்டும். விடுதித் தொலைபேசி சாப்பாட்டுக் கூடத்தில், முப்பது பேர் காதுக்கு நடுவே இருக்கிறது. நம் வீட்டுத் தொலைபேசியோ அத்தையின் தலைமாட்டில். ஆகவே எழுது.

ஒரு வரியும் மாற்ற மாட்டேன்.

ஹேரன்


சியோல்
2 செப்டம்பர் 1994

ஹேரனுக்கு,

அலுவலகத் தாளில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லை. சாப்பாட்டு மேசை முழுக்க அம்மா வாடிக்கைக்காரர்களின் சட்டையை அடுக்கி வைத்திருக்கிறாள். இத்தனை நாள் நீ எங்கே உட்கார்ந்து எழுதினாய் என்று நேற்றுத்தான் யோசித்தேன்.

திரைக்கதையைத் தண்ணீரில் போட்டது தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் காரணம் நீ நினைப்பது இல்லை.

காலுறை துவைத்ததை எழுதினாய், சரி. நீ மூன்று நாள் தூங்காமல் எழுதிவிட்டு அப்படியே கவிழ்ந்து கிடந்தாய். சலவைக் கடைக்காரி மகன் நான். பத்து வயதிலிருந்து ஊரார் துணியையெல்லாம் துவைத்திருக்கிறேன். உன்னுடையதைத் துவைக்க எனக்கு என்ன? அம்மா மாடியேறி வருகிற சத்தம் கேட்டதும் ஈரத்தோடு சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். சொட்டச் சொட்ட நின்றேன், அப்போதுதான் நீ கண் விழித்தாய். அதற்குச் சிரிப்பார்கள் என்றால் சிரிக்கட்டும். எனக்கே சிரிப்பு வந்தது, படிக்கும்போது.

அறுபத்திரண்டாம் காட்சி. நீ அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவன் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கி வீட்டுக்கு வருகிறான். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அழுகிறான். மனைவி வெளியே நின்று கேட்கிறாள்.

மார்ச் மாதம் பிரிவுத் தலைவர் என் முகத்தில் ஒரு கோப்புக் கட்டைத் தூக்கிப் போட்டார். அதை யாரிடமும் நான் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்று ஐந்து மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். நீ வெளியே நின்றாய் என்பது உன் திரைக்கதையைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது, ஹேரன். ஐந்து மாதம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாய். தெரியாதவள் மாதிரி. அப்புறம் அதை ஒரு தயாரிப்பாளருக்கு விற்றாய்.

அந்த ஒரு காட்சியை மட்டும் நீக்கிவிடச் சொல்லிக் கேட்கிறேன். கெஞ்சவில்லை. கேட்கிறேன்.

இன்னொன்று. அறுவடைத் திருநாள் இருபதாம் தேதி வருகிறது. நீ இந்த வீட்டுக்கு வந்தபின் முன்னோருக்கு வைக்கிற முதல் அறுவடைப் படையல். சித்தப்பா குடும்பம் வரும். மூத்த மகனின் மனைவி இல்லாமல் எப்படி என்று அம்மா தினமும் கேட்கிறாள். இரண்டு நாளாவது வந்து போ.

ஜின்மோ


சொகுவிப்போ
8 செப்டம்பர் 1994

ஜின்மோ,

உன் கடிதத்தைத் தபால்காரர் கடற்கரைக்கே கொண்டுவந்து கொடுத்தார். எடுக்க வேண்டிய காட்சி பாக்கி இருந்ததால் மத்தியானம்வரை பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்தபின் வேலை ஓடவில்லை.

நான் நின்றேன். உண்மை. கையில் துவாலை இருந்தது, தட்டலாமென்று கையைத் தூக்கினேன். தட்டவில்லை. தட்டினால் நீ முகத்தைக் கழுவிக்கொண்டு, "என்ன, சாப்பாடு ஆச்சா?" என்று சிரித்துக்கொண்டு வெளியே வருவாய் என்று பயமாக இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அரைமணி நேரம் நின்றுவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சும்மா வெங்காயம் நறுக்கினேன்.

நீ கடைசிவரை படித்தாயா, இல்லை பாதியிலேயே தொட்டிக்குப் போனாயா? அந்தக் காட்சியில் அவள் தட்டுகிறாள். திறக்கவில்லையென்று இன்னும் பலமாகத் தட்டுகிறாள். உள்ளே போய் ஈரத்தரையில் உட்கார்ந்துகொள்கிறாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசுவதில்லை. நான் செய்யாததை அவள் செய்கிறாள். உன்னை விற்பதற்காக நான் அதை எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, எழுதினேன். வேறு எப்படி அதைச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. சொல்லத் தெரிந்திருந்தால் எழுதப் போயிருக்க மாட்டேன்.

காட்சியை நீக்க மாட்டேன். நீ கேட்டது கெஞ்சல் இல்லை. நான் மறுப்பதும் கோபத்தில் இல்லை. அதை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் கடற்பாசிச் சூப்பு.

காலுறைக் காட்சியை நேற்று எடுத்தோம். நடிகர் ஈரக் காலுறையைச் சட்டைக்குள் திணிப்பதைப் பார்த்து விளக்குப் பிடிக்கிறவர்கூடக் குலுங்கிச் சிரித்தார், வெளிச்சம் ஆடிவிட்டது, மறுபடி எடுத்தார்கள். முடிந்ததும் விளக்குக்காரர் என்னிடம் வந்து, "நானும் வீட்ல துவைப்பேங்க, சொல்லிடாதீங்க," என்றார். ஊரெல்லாம் இந்த ரகசியம்தான் போலிருக்கிறது.

இங்கே தேனிலவுக்காரர்கள் வண்டி வண்டியாக வருகிறார்கள். ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, வாடகைக் கார்க்காரர் சொல்கிறபடி பாறைமேல் நின்று, கன்னத்தைக் கன்னத்தோடு ஒட்டி. நாம் இங்கே தேனிலவுக்கு வந்தபோது நம்மையும் ஒருவர் அப்படித்தான் நிற்க வைத்தார். நீ சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிந்தாய். நான், "நாங்க சும்மா நிக்கிறோமே, அப்படியே எடுங்க," என்றேன். அவருக்கு முகம் தொங்கிப்போனது. உனக்கும்தான்.

திருநாளுக்கு வர முடியாது. நாயகன் இருபத்திரண்டாம் தேதி வேறு படத்துக்குப் போகிறார். அதனால் திருநாளன்றும் படப்பிடிப்பு. தவிர, இன்னொரு தகராறும் நடக்கிறது. தயாரிப்பாளர் குவாக் சியோலிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார். முடிவை மாற்ற வேண்டுமாம். என் முடிவில் அவளுக்கு ஒரு வருட வேலை பூசானில் கிடைக்கிறது. அவன் ரயிலடிவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான், வழியெல்லாம் சண்டை, ரயில் கிளம்பியும் சண்டை ஓயவில்லை. குவாக்குக்கு அது வேண்டாம். அவள் வேலையை விட வேண்டும், வயிற்றில் பிள்ளை வர வேண்டும், மழையில் குடையோடு பேருந்து நிறுத்தத்தில் புருஷனுக்காகக் காத்து நிற்க வேண்டும். நான் இப்போது கிளம்பி வந்தால், திரும்பும்போது அந்தக் குடை விரிந்திருக்கும்.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வாயோ, அது உன் பாடு. எட்டு மாதம் என் பாடாக இருந்தது.

ஹேரன்


சியோல்
13 செப்டம்பர் 1994

ஹேரன்,

அம்மாவிடம் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "திருநாளுக்கு வராதவ அப்புறம் எதுக்கு வரணும்? வரவே வேணாம்னு எழுதிடு," என்றாள்.

எழுதச் சொன்னாள், எழுதுகிறேன்.

ஜின்மோ


சொகுவிப்போ
16 செப்டம்பர் 1994

நல்லது. அத்தை சொன்னதை எழுதிவிட்டாய். நீ என்ன சொல்கிறாய் என்று எப்போதாவது தோன்றினால் அதையும் எழுது.

நான் வரவில்லை.

ஹேரன்


சியோல்
21 செப்டம்பர் 1994

ஹேரன்,

இரண்டு விரலில் கொப்புளம். பேனா பிடிக்க வரவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

திருநாளுக்கு முதல்நாள் காலை அம்மா அடுப்படிக்குப் போகவில்லை. கடையையும் திறக்கவில்லை. துவாலையும் சோப்பும் எடுத்துக்கொண்டு பொதுக் குளியல் இல்லத்துக்குக் கிளம்பினாள். சமையல் என்று இழுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இருபத்தாறு வருஷம் உங்க அப்பா வீட்டு முன்னோருக்கு நான் பொரிச்சுப் போட்டாச்சு. அவங்கள்ல ஒருத்தரை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லை. இந்த வருஷம் மருமக முறை. அவ வரலைன்னா படையலும் இல்லை." உன்மேல் உள்ள கோபம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவள் தெருமுனையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை வேகமாக அம்மா நடந்து நான் பார்த்ததில்லை.

சந்தைக்குப் போனேன். மீன், சுரைக்காய், பச்சை மிளகாய், கொழுக்கட்டைக்கு மாவு, அதை வேகவைக்கும்போது அடியில் பரப்பப் பைன் இலை. மீன்காரம்மா, "வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "வேலைக்குப் போயிருக்கா," என்றேன். "திருநாள்லயா?" என்றார். "ஆமாங்க, திருநாள்லதான்," என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது.

வாணலிக்கு முன்னால் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மீன் துண்டை மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, திருப்பி, எடுத்து. முதல் தட்டு கருகியது, இரண்டாவது உள்ளே வேகவில்லை. மூன்றாவது தட்டிலிருந்துதான் சுமார். கொழுக்கட்டைகள் பிறை வடிவத்தில் வர வேண்டும், என்னுடையவை காது மாதிரி வந்தன. அம்மா சாயங்காலம் திரும்பி வந்து, அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, அறைக்குள் போய்விட்டாள்.

நேற்றுக் காலை சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். படையல் மேசையைப் பார்த்ததும், மருமகள் வந்துவிட்டாளா என்று சித்தப்பா கேட்டார். இல்லை, நான் செய்தேன் என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் விரலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார்.

"ஆம்பளை கைபட்டதை என் அண்ணனுக்கு வைக்கிறதா? பொண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் கரண்டியைத்தான் பிடிப்பான்."

எப்போதும் செய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்ளலாம் என்றுதான் இருந்தேன். பிரிவுத் தலைவர் முன்னால் குனிந்த அதே தலை. ஏனோ குனிய வரவில்லை.

"அடக்கறதுக்கு அவ என்ன ஆடா, மாடா சித்தப்பா? அவ வேலை பார்க்கிறா. இது என் அப்பா படையல், நான் சமைச்சேன். அப்பாவுக்குப் பிடிக்கலைன்னா அவரே வந்து சொல்லட்டும்."

சித்தி குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதை வைத்துச் சொல்கிறேன், சிரித்தார். சித்தப்பா முகம் கறுத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். "அண்ணி, நீங்க என்ன சொல்றீங்க?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேசையைப் பார்த்தாள். "சூப்பு ஆறிப்போகுது. வைக்கிறதை வைடா," என்றாள்.

சித்தப்பா வணங்காமலே கிளம்பிவிட்டார். சித்தி வணங்கிவிட்டு, நாலு துண்டு மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து என் காதுக் கொழுக்கட்டையைத் தின்றாள். உப்புக் குறைச்சல் என்றாள். அவ்வளவுதான். உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. உன் பேரையே எடுக்கவில்லை.

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டிருந்தாய். அறுபத்திரண்டாம் காட்சியை மறுபடி படிக்க ஆசைப்பட்டேன். தாள்தான் இல்லை. அவள் தட்டுகிற இடத்துக்கு நான் போகவே இல்லை, ஹேரன். அவள் வெளியே நின்று கேட்கிற இடத்திலேயே எழுந்துவிட்டேன்.

நீக்காதே. அந்தக் காட்சியை நீக்காதே. உங்கள் குவாக் நீக்கச் சொன்னாலும் விடாதே.

ஜின்மோ


மொக்போ
4 அக்டோபர் 1994

ஜின்மோ,

உன் கடிதத்தைத் தீவிலிருந்து வந்த கப்பலில் நாலு தடவை படித்தேன். பக்கத்து இருக்கைக்காரர், "நல்ல சேதியா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு விரல் வெந்துவிட்டது என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் இன்னொரு இருக்கைக்கு மாறிப்போனார். அத்தனை பல் தெரிந்திருக்கிறது எனக்கு.

சித்தப்பாவிடம் நீ சொன்னதை நானே எழுதியிருந்தாலும் அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

இனி என் கதை. நல்ல கதை இல்லை. கடைசி வாரம் குவாக் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்து, முடிவைத் தானே எழுதிக்கொண்டு வந்திருப்பதாகச் சொல்லிப் படித்துக் காட்டினார். குடை, மழை, பிள்ளை. அவள் பேசுகிற கடைசி வசனம்: "இனிமே உங்க சட்டைக்கு நானே இஸ்திரி போடுவேன்." படத்தின் பெயரையும் மாற்றிவிட்டார். நான் வைத்த "கதவைத் தட்டினால்" போய், "பெண்டாட்டி வந்த வேளை" ஆகிவிட்டது. பியோன் நல்லவர்தான், ஆனால் அவருக்கும் இது முதல் படம். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து, இந்த முடிவுக்கு மேலே என் பெயர் வரக்கூடாது என்றேன். குவாக் மிரட்டல் என்று நினைத்தார். "பெயர் இல்லாமப் போனா உன்னை யாருக்கும்மா தெரியும்? இன்னும் பத்து வருஷம் யாராவது ஒருத்தருக்குத் தேநீர் ஊத்திக்கிட்டுத்தான் இருப்பே," என்றார். "ஊத்தறேன். குடை பிடிக்க மாட்டேன்," என்றேன். தாளை வாங்கி, என் பெயரை எடுத்துவிட ஒப்புக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருட உழைப்பு, ஜின்மோ. திரையில் யாரோ ஒருவர் பெயர் வரப்போகிறது.

அறுபத்திரண்டாம் காட்சி இருக்கிறது. அதை மட்டும் பியோன் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினார்.

இப்போது அக்கா வீட்டில் இருக்கிறேன். அவள் உணவுக்கடையின் பின்னறையில் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறாள். புதிதாக ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

எப்போது வருவாய் என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. ஆனாலும் சொல்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வரவே வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு, சொன்னவர் கூப்பிடாமல் நான் வர மாட்டேன். இது வீம்பு என்றால் வீம்புதான். நீ ஒரு நாள் அடுப்படியில் நின்றதற்காக உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவேன், ஆனால் அதற்காக மட்டும் அந்தச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ இங்கே வா. ரயில் இருக்கிறது.

ஹேரன்


சியோல்
26 டிசம்பர் 1994

ஹேரன்,

போன மாதம் இரண்டு ஞாயிறு மொக்போவில் உன் அக்கா கடையில் பாத்திரம் தேய்த்ததற்கு எனக்குச் சம்பளம் வரவில்லை என்று அவரிடம் சொல்.

படம் சனிக்கிழமை வெளியானது. நீ பார்க்க மாட்டேன் என்றாய், நான் போனேன். தியேட்டர் முகப்பில் நாலு ஆள் உயரத்துக்குப் படம் வரைந்திருந்தார்கள், நாயகன் கையில் கரண்டி, நாயகி கையில் தலையணை. வரிசை தெருவைச் சுற்றி நின்றது. நான் தனியாகப் போகவில்லை. காலையில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா எங்கே என்று கேட்டாள். சொன்னேன். "அவ எழுதினதா?" என்றாள். ஆமாம் என்றேன். கடைக் கதவில் "இன்று விடுமுறை" பலகையை மாட்டிவிட்டுக் கூடவே வந்தாள். அம்மா கடைசியாகத் தியேட்டருக்குப் போனது அப்பா இருந்தபோது.

பெயர் போடுகிற இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா எழுத்தையெல்லாம் உதட்டை அசைத்துப் படித்துவிட்டு, "எங்கடா அவ பேரு?" என்றாள். நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

காலுறைக் காட்சிக்குத் தியேட்டரே அதிர்ந்தது. நான் கோட்டுக் காலருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மாவின் குரல் கேட்டது. "முறுக்கிப் பிழியறான் பாரு. நூல் இழுத்துக்கும். நீ இப்படியா துவைச்சே?" அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. இல்லைம்மா என்றேன். "பின்னே," என்றாள்.

அறுபத்திரண்டாம் காட்சிக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. குழாய்ச் சத்தம் மட்டும். அவள் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை, கடைசிவரை பார்த்தேன். அவள் ஈரத்தரையில் உட்கார்ந்தபோது என் பக்கத்து இருக்கையில் அம்மா மூக்கை உறிஞ்சினாள். சளி பிடித்திருக்கிறது என்றாள்.

பிறகு குடை வந்தது. மழை வந்தது. சட்டைக்கு நானே இஸ்திரி போடுவேன் என்று அவள் சொன்னாள். சிலர் கைதட்டினார்கள். விளக்குப் போட்டதும் அம்மா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். "இது பொய். அவ இப்படிச் சொல்லமாட்டா," என்றாள். இல்லை, அதை வேறு ஒருவர் எழுதினார் என்றேன். "தெரியுது. இஸ்திரி போட்டவ எவளும் அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லமாட்டா," என்றாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம். நிறுத்தத்தில் கையுறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னாள்.

"மார்ச் மாசம் ஒரு நாள், எவ்வளவு தண்ணி வீணாப் போச்சு தெரியுமா உனக்கு?"

எனக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆனது. நம் குளியலறைக்கு நேர் கீழேதான் இஸ்திரி மேசை. மேலே குழாய் ஓடினால் அங்கே சுவருக்குள் சத்தம் வரும்.

பேருந்து வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் வேற வீடு பாருங்க. மாடியை வாடகைக்கு விடறேன். இங்கேயே இருந்தா நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டேன், எனக்கே தெரியும். முதல்ல அவளை வரச்சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இந்தத் தடவை என் வார்த்தையும் இருக்கிறது: வா. ஊரின் மேற்கே ஒரு மொட்டைமாடி அறை பார்த்து வைத்திருக்கிறேன். குளிர் கொல்லும், கோடையில் வேகும். ஆனால் ஜன்னல் ஓரத்தில் ஒரு மேசை போடலாம், அளந்து பார்த்துவிட்டேன். ஜனவரி முதல் வாரத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

ஜின்மோ


மொக்போ
30 டிசம்பர் 1994

ஜின்மோ,

மொட்டைமாடிக்குச் சரி என்று சொல். துணி உலர்த்தக் கொடி கட்ட இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்.

மூன்றாம் தேதி பகல் ரயிலில் வருகிறேன். வரும்முன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாந்தேன் என்று சொல்லாதே. ஜனவரி கடைசியில் வருகிற சந்திரப் புத்தாண்டுப் படையலுக்கு வருவேன். ஆனால் தனியாகப் பொரிக்க மாட்டேன். நீ ஒரு வாணலி, நான் ஒரு வாணலி. சித்தப்பா வந்தால் அவருக்கும் ஒரு வேலை வைத்திருப்பேன், பூண்டு உரிக்க ஆம்பளை கையே போதும். அத்தை அன்றைக்கும் குளியல் இல்லத்துக்குப் போக விரும்பினால் போகட்டும். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது சோறு கேட்டால் பாத்திரத்தைக் கையால் காட்டுவேன், எழுந்து வரமாட்டேன். இதெல்லாம் உனக்குச் சரிவரும் என்றால் ரயிலடிக்கு வா. இல்லையென்றாலும் வருகிறேன். பெட்டியை நானே தூக்கிக்கொள்வேன்.

நேற்று அக்கா கடைக்குத் தொலைபேசி வந்தது. குவாக். படம் ஓடுகிறதாம், இரண்டாம் பாகம் எழுதுகிறாயா என்றார். பிள்ளை பிறந்ததும் அவர்கள் படும் பாடு, சிரிப்பாக இருக்க வேண்டும் என்றார். என் முடிவை யாரும் தொடமாட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பேசலாம் என்றேன். அந்த மாதிரி யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை என்றார். நானும் இதற்குமுன் யாரிடமும் கேட்டதில்லை என்றேன். வைத்துவிட்டார். அக்கா, நல்ல வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டேன் என்று சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை. இருக்கலாம். பியோன் அடுத்த படத்துக்கு வேறு தயாரிப்பாளர் தேடுகிறாராம். கிடைக்காமலும் போகலாம். என் புதுக் கதை நாற்பது பக்கம் வந்துவிட்டது.

இரண்டு மூட்டையோடு வருகிறேன். ஒன்று துணி. இன்னொன்று தாள், அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன்.

சியோலில் இறங்கி நேரே மொட்டைமாடிக்குப் போகப்போவதில்லை. முதலில் அத்தையின் கடைக்கு. மன்னிப்புக் கேட்க என்று அவரும் நினைக்கக்கூடாது, நீயும் நினைக்கக்கூடாது. திருநாளுக்கு வராததில் நான் தப்பொன்றும் செய்யவில்லை. அவரும் கேட்கமாட்டார், தெரியும். இருக்கட்டும். எனக்கு அவரிடம் ஒரு காரியம் இருக்கிறது. நாலு பக்கம் எழுதினாய், தியேட்டர் அதிர்ந்தது, முன் வரிசைக்காரர் முறைத்தார், பனி பெய்தது என்று எல்லாம் எழுதினாய். அத்தை எந்த இடத்தில் சிரித்தார் என்று எழுதவே இல்லை. காலருக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்? அவர் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது. நான் எழுதியது.

அதைக் கேட்காமல் கடையை விட்டு நகரமாட்டேன்.

ஹேரன்